அறிக்கையில் "ஈ-கேடெரின் நெகட்டிவ்" என்றிருந்தால் புற்றுநோய் வேகமாகப் பரவும் என்று பொருளா?

கேள்வி: காட்பாடி ஆசிரியை

என் அக்காவுக்கு வயது 54. பள்ளிகொண்டாவில் இருக்கிறார். கட்டி என்று கையில் திரண்டு தட்டுப்படாமல், இடது மார்பின் ஒரு பகுதி மட்டும் தடித்துப்போனது போல இருந்ததால், சென்ற மாதம் வேலூரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மேமோகிராமில் தெளிவாக எதுவும் தெரியவில்லை. அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்துச் சதைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். அறிக்கையில் "இன்வேசிவ் லோபுலர் கார்சினோமா, கிரேடு 2, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ்" என்று எழுதி, அதற்குக் கீழே தனி வரியில் "ஈ-கேடெரின் நெகட்டிவ்" என்று போட்டிருக்கிறது.

அறுவை சிகிச்சை பற்றியும் அதன் பிறகான மாத்திரை பற்றியும் மருத்துவர் பொறுமையாகவே விளக்கினார். கடைசி வரியைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. அது முக்கியமானது என்று அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான், ஈ-கேடெரின் என்பது செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கும் புரதம் என்றும், அது போய்விட்டால் புற்றுநோய்ச் செல்கள் கழன்று உடலெங்கும் பரவும் என்றும் படித்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அக்காவிடம் இதைச் சொல்லவும் இல்லை.

குழப்பம் என்னவென்றால், எங்கள் தெருவில் உள்ள ஒரு அம்மாவுக்கு மூன்றாண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்தது. அவருடைய மகள் காட்டிய பழைய அறிக்கையில் "டக்டல்" என்றும் "ஈ-கேடெரின் பாசிட்டிவ்" என்றும் தெளிவாக இருக்கிறது. அவருக்கோ கல்லீரலுக்குப் பரவிவிட்டது. ஒட்டும் புரதம் இருந்தவருக்கு ஏன் பரவியது? அது இல்லாத என் அக்காவின் நிலை அதைவிட மோசம் என்று நினைக்க வேண்டுமா?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். இந்தப் புரதம் வேலை செய்யக் கால்சியம் தேவை என்றும் படித்தேன். அக்காவுக்குக் கால்சியம் மாத்திரை கொடுத்தால் மீதியுள்ள செல்களாவது கெட்டியாக ஒட்டிக்கொள்ளுமா? நான் தமிழ் பயிற்றுவிப்பவள். அறிவியலில் என் அறிவு பத்தாம் வகுப்போடு நின்றது. அதை மனத்தில் வைத்துப் பதில் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்: ஸ்லைடு டாக்டர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் நோய்க்குறியியல் துறையில் மேற்படிப்புப் படிப்பவன். இப்படிப்பட்ட அறிக்கைகளை எழுதும் வேலையில்தான் என் பகல் பொழுதெல்லாம் போகிறது. உங்கள் அக்காவின் ஸ்லைடை நான் பார்க்கவில்லை. ஆகவே பொதுவாக என்ன சொல்ல முடியுமோ அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பயத்தின் வேர் அதில்தான் இருக்கிறது. ஈ-கேடெரின் பரிசோதனையை நாங்கள் பெரும்பாலும் செய்வது நோய் பரவுமா பரவாதா என்று குறி சொல்வதற்காக அல்ல. மார்பகப் புற்றுநோயின் இரு முக்கிய வகைகளில் இது டக்டல் வகையா, லோபுலர் வகையா என்று பெயர் வைப்பதற்காக. சதைத் துண்டை மெல்லிய ஏடாகச் சீவி, ஈ-கேடெரினை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஊற்றி, அது பிடித்த இடமெல்லாம் பழுப்பு நிறமாகும்படி சாயமேற்றுவோம். டக்டல் வகையில் ஒவ்வொரு செல்லின் ஓரத்திலும் பழுப்புக் கோடு ஓடி, மொத்தமும் மீன் வலை விரித்தது போலத் தெரியும். லோபுலர் வகையில் புற்றுநோய்ச் செல்கள் வெறும் நீலமாக நிற்கும். அருகிலேயே உள்ள நல்ல பால் நாளத்தின் செல்கள் மட்டும் பழுப்பாக இருந்து, சாயம் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது என்று எங்களுக்குச் சாட்சி சொல்லும். லோபுலர் வகையில் பத்தில் எட்டு ஒன்பது கட்டிகள் இப்படித்தான் இருக்கும். ஆகவே "லோபுலர்" என்ற சொல்லும் "ஈ-கேடெரின் நெகட்டிவ்" என்ற வரியும் இரண்டு தனித்தனிக் கெட்ட செய்திகள் அல்ல. ஒரே செய்தியை இரண்டு முறை எழுதியிருக்கிறார்கள்.

இனி அந்தப் புரதத்தைப் பற்றி. "பசை" என்ற உவமை எனக்குப் பிடிக்காது. பசை செல்லுக்கு வெளியே பூசிய பொருள் போல ஒரு எண்ணத்தைத் தருகிறது. கேடெரின் அப்படியல்ல, கும்மியடிப்பவர்கள் வட்டமாகக் கைகோத்து நிற்பதைப் போன்றது. ஒரு செல்லின் ஈ-கேடெரின் பக்கத்துச் செல்லின் ஈ-கேடெரினையே தேடிப் பிடிக்கும். தன் இனம் தன் இனத்தோடு சேரும். கைக்கு ஒரு தோள் இருப்பது போல, செல்லின் உட்பக்கத்தில் அதன் நுனி பீட்டா-கேடெனின், ஆல்ஃபா-கேடெனின் என்னும் வேறு புரதங்கள் வழியாகச் செல்லின் உள்ளெலும்புக்கூடான ஆக்டின் இழைகளோடு கட்டப்பட்டிருக்கும். வெளியே பிடித்த பிடி உள்ளே வரை இழுபடுவதால்தான் செல் தன் வடிவத்தையும் இடத்தையும் அறிந்துகொள்கிறது. இந்தப் பிடி இல்லாத லோபுலர் செல்கள் குவியலாகச் சேராமல், ஒன்றன்பின் ஒன்றாக, எறும்புச் சாரை போல நார்த்திசுவின் இடுக்குகளில் நுழைந்து போகும். அக்காவுக்குக் கட்டியாகத் திரளாமல் தடிப்பாகத் தெரிந்ததற்கும் மேமோகிராமில் பிடிபடாமல் போனதற்கும் காரணம் இந்தச் சாரைதான். சில நேரங்களில் மருத்துவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

உங்கள் இரண்டாவது கேள்வி, ஒட்டும் புரதம் இருந்தவருக்கு ஏன் பரவியது என்பது, உண்மையில் இந்தத் துறையினர் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வி. 1991 வாக்கில் ஆய்வகங்களில் ஈ-கேடெரினை எடுத்துவிட்டால் செல்கள் பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுகின்றன, திருப்பிக் கொடுத்தால் ஊடுருவல் அடங்குகிறது என்று கண்டார்கள். 1998இல் எலிகளின் கணையக் கட்டியில், ஈ-கேடெரின் இழப்பே சாதுவான கட்டியைப் புற்றாக மாற்றும் படிகளில் ஒன்று என்று காட்டினார்கள். ஸ்நெயில், ட்விஸ்ட் போன்ற புரதங்கள் ஈ-கேடெரின் மரபணுவை அணைத்துவிட்டு, உறைபோல் அடுக்கி நிற்கும் செல்லை ஊர்ந்து போகும் செல்லாக மாற்றுகின்றன என்பதும் தெரியவந்தது. கருவில் குழந்தை உருவாகும்போது இயல்பாக நடக்கும் அதே மாற்றம் இது. நீங்கள் படித்த கட்டுரைகள் இந்தக் காலத்துக் கதையைச் சொல்கின்றன. கதை பொய்யில்லை, ஆனால் அது பாதி வழி வரைதான்.

கட்டியிலிருந்து கழல்வது பயணத்தின் முதல் காலடி. அதன்பின் செல் இரத்தத்தில் தனியாக மிதக்க வேண்டும், நோயெதிர்ப்புச் செல்களிடமிருந்து தப்ப வேண்டும், ஓரிடத்தில் நின்று குழாய்ச் சுவரைக் கடக்க வேண்டும், புதிய இடத்தில் குடும்பமாகப் பெருக வேண்டும். கைகோத்துப் பழகிய செல் தனியே விடப்பட்டால் பெரும்பாலும் செத்துப்போகும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இரத்தத்தில் தனித்தனியாகச் சுற்றும் புற்றுநோய்ச் செல்களைவிட, கொத்தாகக் கைகோத்துச் சுற்றும் செல்கள் மிக அரிதாக இருந்தாலும், புதிய இடத்தில் கட்டியாக வளரும் திறனில் 23 முதல் 50 மடங்கு வல்லவை என்று எலிகளில் கண்டார்கள். 2019இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வீணா பத்மநாபன், ஆண்ட்ரூ இவால்ட் ஆகியோர் டக்டல் வகை மார்பகப் புற்றுநோய் மாதிரிகளில் ஈ-கேடெரினை நீக்கிப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே ஊடுருவல் கூடியது. ஆனால் தொலைவான உறுப்பில் போய்க் குடியேறுவது குறைந்துபோனது, ஏனென்றால் கழன்ற செல்கள் வழியிலேயே மடிந்தன. அந்த வகைப் புற்றுக்கு ஈ-கேடெரின் பகையாக இருந்ததைவிட வழித்துணையாக இருந்தது அதிகம். உங்கள் தெரு அம்மாவின் அறிக்கையில் "பாசிட்டிவ்" என்று இருந்தது அவரைக் காக்காமல் போனதில் வியப்பில்லை.

லோபுலர் செல்களோ அந்தத் துணை இல்லாமல் பிழைக்கும் வேறு உபாயங்களை முன்பே கற்றுக்கொண்டவை. அதனால் அவை எங்கே போகும் என்பதில் கொஞ்சம் வேறுபாடு உண்டு. எலும்புக்கு இரு வகையும் போகும். வயிற்று உட்சவ்வு, குடல், கருப்பை அருகிலுள்ள முட்டையகம் ஆகியவற்றுக்கு லோபுலர் வகை ஒப்பீட்டளவில் அதிகம் போகும். பின்னாளில் அக்காவுக்குத் தீராத வயிற்றுக் கோளாறு ஏதாவது வந்தால் "வாயு" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் பழைய நோயைச் சொல்லிக் காட்ட வேண்டியதற்குக் காரணம் இது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. தெரிந்திருக்க வேண்டியது என்பதால் சொல்கிறேன்.

சிகிச்சையையும் எதிர்காலத்தையும் முடிவு செய்பவை கட்டியின் அளவு, அக்குளில் நிணநீர்க் கணுக்கள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்பது, கிரேடு (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற அளவு), ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 (செல்லைப் பெருகத் தூண்டும் ஒரு புரதம்). இவற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ் என்பது உங்களுக்கு நல்ல செய்தி. தினம் ஒரு மாத்திரையாக ஆண்டுக்கணக்கில் கொடுக்கும் ஹார்மோன் தடுப்பு சிகிச்சை வேலை செய்ய வழியிருக்கிறது என்பதே அதன் பொருள். நீங்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டிய வரி அந்த அறிக்கையில் ஈ-கேடெரின் வரி அல்ல.

பதில்: ராணிப்பேட்டைத் தோல்காரர்

டாக்டர் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். முப்பத்தொரு ஆண்டுகள் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புற்றுநோயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் தோலைப் பற்றித் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி கேட்கிறேன், தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பச்சைத் தோல் வந்ததும் முதலில் ஊறவைத்து, பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தொட்டியில் போடுவோம். மயிரும், மயிரோடு சேர்ந்த மேல்தோலும் கழன்று வந்துவிடும். அடியில் மிஞ்சுவதுதான் எங்களுக்கு வேண்டிய சரக்கு. அது முழுக்க கொலாஜன் நார். மேல்தோல் கழன்ற பிறகு தெரியும் அந்த வழுவழுப்பான முகத்தைத்தான் நாங்கள் கிரெயின் என்போம். செருப்பின் விலையே அந்த முகத்தைப் பொறுத்தது. சென்னையில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள், சல்பைடுக்குப் பதிலாக நொதி போட்டு மயிரை எடுக்கும் முறையை எங்களுக்கு விளக்கியபோது ஒன்று சொன்னார்கள்: மேல்தோலும் கீழே உள்ள நார்ப்பகுதியும் நேரடியாக ஒட்டுவதில்லை, நடுவே மிக மெல்லிய ஒரு படலம் இருக்கிறது, நொதி அரிப்பது முக்கியமாக அதையும் அதை ஒட்டிய பொருள்களையும்தான் என்று. நொதி அளவு மீறினால் கிரெயினும் கெட்டு, கொலாஜனும் அரித்து, தோல் வீணாகிவிடும்.

டாக்டர் தம்பி பக்கத்துச் செல்லோடு கைகோப்பதைச் சொன்னார். செல் தன் காலடியில் உள்ள படலத்தோடு எதனால் ஒட்டிக்கொள்கிறது? புற்றுநோய் அதை எப்படிக் கடக்கிறது? எங்கள் நொதி மாதிரி ஏதாவது வைத்திருக்கிறதா?

பதில்: குடியாத்தத்துக்காரி

ஐயா, நீங்கள் கேட்டது இந்த இழையிலேயே சிறந்த கேள்வி. நான் குடியாத்தத்தில் பிறந்து, இப்போது வெளியூரில் ஒரு செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை செய்பவள். டாக்டர் கையைச் சொன்னார், நான் காலைச் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் மெல்லிய படலத்துக்கு அடித்தளச் சவ்வு என்று பெயர். லேமினின், நான்காம் வகைக் கொலாஜன் முதலியவற்றால் பின்னப்பட்டது. மேல்தோலின் செல்கள் அதன்மேல் ஆல்ஃபா6-பீட்டா4 என்னும் இன்டெக்ரின் கொண்டு ஊன்றி நிற்கின்றன. கேடெரின் செல்லைச் செல்லோடு பிணைக்கிறது; இன்டெக்ரின் செல்லைத் தரையோடு பிணைக்கிறது. மனிதனில் 18 ஆல்ஃபா, 8 பீட்டா துண்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 24 வகை இன்டெக்ரின்கள் உள்ளன. இந்தக் கண்டுபிடிப்புகளுக்காக ரிச்சர்டு ஹைன்ஸ், எர்க்கி ரூஸ்லாட்டி, டிமத்தி ஸ்பிரிங்கர் மூவருக்கும் 2022இல் லாஸ்கர் விருது கிடைத்தது. மார்பகத்தின் பால் நாளத்தைச் சுற்றியும் இதே சவ்வு உண்டு. புற்றுநோய்ச் செல்கள் அதற்குள்ளேயே அடைபட்டிருக்கும் வரை அது "இன் சிட்டு". சவ்வைக் கிழித்து வெளியே வந்தால் "இன்வேசிவ்". ஆசிரியை அவர்களின் அக்காவுடைய அறிக்கையின் முதல் சொல் அதைத்தான் சொல்கிறது.

கிழிப்பதற்கு, ஐயா, உங்கள் தொட்டியில் போட்டது போன்ற நொதியேதான். மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டியேஸ் என்ற குடும்பம் கொலாஜனையும் சவ்வையும் அரிக்கிறது. இந்த நொதிகளைத் தடுத்தால் பரவலை நிறுத்திவிடலாம் என்று 1990களில் பல மருந்துகளை மனிதர்களிடம் சோதித்தார்கள். பயன் கிடைக்கவில்லை, மூட்டு வலி மட்டும் மிஞ்சியது. என் சொந்தக் கருத்து: முற்றிய நோயாளிகளிடம், அதாவது சவ்வு என்றோ கிழிந்து முடிந்த பிறகு, அந்த மருந்துகளைக் கொடுத்தது வெள்ளம் வந்த பிறகு பாலாற்றுக்கு அணை கட்டியது போன்ற செயல்.

இன்டெக்ரினிலும் அதே இருமுகம் உண்டு. தரையை இழந்த நல்ல செல் தானாகவே செத்துப்போகும். 1994இல் அதற்கு அனாய்கிஸ் என்று பெயர் வைத்தார்கள். இந்தச் சாவுக்குத் தப்பியதுதான் பயணம் போகிறது. ஆனால் பயணம் முடியும் இடத்தில் அதற்கு மறுபடியும் ஒரு பிடி வேண்டும். 1889இல் லண்டனில் ஸ்டீஃபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்து, கல்லீரலும் மண்ணீரலும் இரண்டுமே இரத்தம் நிறையப் பெறும் உறுப்புகளாயிருந்தும் கல்லீரலில் அடிக்கடி வரும் நோய் மண்ணீரலில் அரிதாகவே வருகிறது என்று கவனித்தார். விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் முடிவு. மல்லாட்டை (நிலக்கடலை) விதைத்த நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செம்மண்ணில் காய் பிடிப்பது போலக் களிமண்ணில் பிடிக்குமா? 2015இல் டேவிட் லைடனின் குழு, கட்டிகள் தாமே முன்னதாக அனுப்பும் நுண்பைகளின் மேல் உள்ள இன்டெக்ரின் எது என்பதைப் பொறுத்து அவை போய்ச் சேரும் உறுப்பு மாறுகிறது என்று காட்டியது: ஆல்ஃபா6-பீட்டா4 இருந்தால் நுரையீரல், ஆல்ஃபாவி-பீட்டா5 இருந்தால் கல்லீரல். மண்ணைப் பண்படுத்தவே முன்கூட்டி ஆள் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தி, வேலூரில் மருத்துவமனை வாசலில் தாளோடு நிற்கும் பலருக்குத் தெரியாதது. புற்றுநோயைக் கண்காணிக்கச் செய்யும் இரத்தப் பரிசோதனையில் வரும் சி.ஈ.ஏ. என்பதே ஓர் ஒட்டுப் புரதம்தான். 1965இல் மான்ட்ரியலில் கண்டுபிடித்தபோது கருவிலும் குடல் புற்றிலும் காணப்படும் பொருள் என்று மட்டும் தெரிந்திருந்தது. அது செல்கள் ஒட்டிக்கொள்ள உதவும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பிறகுதான் புரிந்தது. சி.ஏ. 19-9 என்று அளப்பதும், இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள செலக்டின் என்னும் ஒட்டுப் புரதம் பற்றிக்கொள்ளும் ஒரு சர்க்கரைக் கொக்கிதான். வெள்ளணுக்கள் காயம் பட்ட இடத்தில் இறங்கப் பயன்படுத்தும் அதே படிக்கட்டைப் புற்றுநோய்ச் செல்லும் பயன்படுத்துகிறது.

இப்போது ஆசிரியை அவர்களின் கால்சியம் கேள்வி. அது முட்டாள்தனமான கேள்வி அல்ல. கேடெரினைக் கண்டுபிடித்ததே கால்சியத்தால்தான். கியோட்டோவில் மசாத்தோஷி தாக்கெய்ச்சி 1977இல் எழுதிய கட்டுரையில், செல்களைப் பிரிக்கப் பயன்படுத்தும் டிரிப்சின் நொதியோடு கால்சியம் இருந்தால் செல்களின் ஒரு வகை ஒட்டும் திறன் அழியாமல் தப்புகிறது, கால்சியம் இல்லையென்றால் அது அழிந்துபோகிறது என்று காட்டினார். "கேடெரின்" என்ற பெயரிலேயே கால்சியம் ஒளிந்திருக்கிறது. அந்தப் புரதத்தின் வெளிப்பகுதி ஐந்து கணுக்கள் கொண்ட கரும்பு மாதிரி. கணுவுக்குக் கணு கால்சியம் உட்கார்ந்து அதை விறைப்பாக நிறுத்துகிறது. கால்சியத்தை எடுத்துவிட்டால் ஈரத் துணி போலத் துவண்டுவிடும். நாங்கள் ஆய்வகத்தில் தட்டில் ஒட்டிய செல்களைக் கழற்றுவதற்கு ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை ஊற்றுவதே கால்சியத்தைப் பறிப்பதற்காகத்தான். சில நிமிடங்களில் செல்கள் ஒன்றையொன்று விட்டுவிட்டு உருண்டையாகும்.

ஆனால் மாத்திரை உதவாது, இரண்டு காரணங்களால். இரத்தத்தில் கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை என்ற குறுகிய எல்லையில் உடல் கட்டிக்காக்கிறது. கேடெரினுக்குத் தேவையானது அதிலேயே தாராளமாக இருக்கிறது, கூடுதலாக விழுங்குவதால் பிடி இறுகாது. மேலும் அக்காவின் கட்டிச் செல்களில் கேடெரினே இல்லை. கையே இல்லாதவருக்கு மோதிரம் எதற்கு? எலும்புக்காக மருத்துவர் கால்சியம் எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம். மாதவிடாய் நின்றவர்களுக்குக் கொடுக்கும் சில ஹார்மோன் தடுப்பு மாத்திரைகள் எலும்பை மெலிய வைக்கும், அதற்காகக் கொடுப்பார்கள். தானாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

மருந்து என்ற வகையில் ஒட்டுப் புரதங்களைக் குறிவைத்தவை பெரும்பாலும் ஏமாற்றமே. இன்டெக்ரினைத் தடுக்கும் சிலெங்கிடைடு மூளைக்கட்டியில் மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. வென்றது எது என்றால், ஒட்டுப் புரதத்தைத் தடுக்க முயலாமல் அதை வெறும் முகவரியாகப் பயன்படுத்திய மருந்து. சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்களின்மேல் நெக்டின்-4 என்ற ஒட்டுப் புரதம் மிகுந்திருப்பதால், அதைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளோடு நஞ்சைக் கட்டி அனுப்பும் என்ஃபோர்டுமேப் வெடோட்டினுக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மறுமொழி: காட்பாடி ஆசிரியை

மூவருக்கும் நன்றி. தோல்காரர் ஐயாவின் கேள்வியால்தான் "இன்வேசிவ்" என்ற சொல் எனக்குப் புரிந்தது. நேற்று இரவு அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எறும்புச் சாரை என்றதும் சிரித்தார். "சாரை போனால் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று பார்க்கணும்டி" என்றார்.

ஒரே ஒரு சந்தேகம். ஈ-கேடெரின் மரபணு கெட்டுப்போவது குடும்பத்தில் வருமா? கேட்பதற்குக் காரணம், எங்கள் அப்பாவின் தங்கை, ஆரணியில் இருந்த அத்தை, வயிற்றுப் புற்றுநோயால்தான் இறந்தார். அப்போது அவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அக்காவுக்கு ஒரு மகள், எனக்கு இரண்டு பெண்கள்.

பதில்: ஸ்லைடு டாக்டர்

நல்ல வேளையாக இதைக் கேட்டீர்கள். பெரும்பாலான லோபுலர் புற்றுகளில் ஈ-கேடெரினுக்கான சி.டி.எச்.1 மரபணு, அந்தக் கட்டியின் செல்களில் மட்டும், வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் கெட்டுப்போனது. அது பிள்ளைகளுக்குப் போகாது. மிகச் சிலரிடம் மட்டும் பிறவியிலேயே ஒரு பிரதி பழுதாக வருகிறது. 1998இல் நியூசிலாந்தில், தலைமுறைதோறும் இளவயதிலேயே வயிற்றுப் புற்றுநோயால் உறவினர்களை இழந்த ஒரு மாவோரி குடும்பத்தில் பாரி கில்ஃபோர்டின் குழு இதை முதலில் கண்டுபிடித்தது. இப்படிப் பிறந்தவர்களுக்கு வருவது இரண்டு நோய்கள்: "டிஃப்யூஸ்" வகை வயிற்றுப் புற்று, பெண்களுக்குக் கூடுதலாக லோபுலர் மார்பகப் புற்று. இரண்டிலும் செல்கள் ஒன்றையொன்று பிடிக்காமல் சிதறியே இருக்கும். வேறு உறுப்பு, அதே கோளாறு.

ஆகவே உங்கள் குடும்பத்தில் எல்லாம் தங்கியிருப்பது அத்தைக்கு வந்தது எந்த வகை என்பதில். வயிற்றுப் புற்றில் "இன்டஸ்டினல்" என்று இன்னொரு வகை உண்டு. வயதானவர்களுக்குப் பெரும்பாலும் வருவது அதுதான், அதற்கும் இந்த மரபணுவுக்கும் தொடர்பில்லை. அத்தைக்கு வந்தது அதுவென்றால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். "டிஃப்யூஸ்" என்றோ "சிக்னெட் ரிங்" என்றோ எழுதியிருந்தால், நெருங்கிய உறவில் ஒருவருக்கு அந்த வகை வயிற்றுப் புற்றும் இன்னொருவருக்கு 70 வயதுக்கு முன் லோபுலர் மார்பகப் புற்றும் வந்த குடும்பம் என்ற கணக்கில், அக்காவுக்கு மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லி இப்போதைய சர்வதேச வழிகாட்டுதலே கூறுகிறது. முதலில் சோதிக்க வேண்டியவர் அக்காதான். அவரிடம் பழுது இருந்தால் மட்டுமே உங்களையும் பெண்பிள்ளைகளையும் பற்றிய பேச்சே எழும். அதையும் மரபியல் ஆலோசகர் ஒருவரின் முன்னிலையில் பேசுவது நல்லது, ஏனென்றால் பழுது உறுதியானவர்களுக்கு வயிற்றை முன்கூட்டியே அகற்றிவிடுவது வரை யோசிக்க வேண்டிவரும்.

அத்தையின் பழைய அறிக்கை கிடைக்குமா? தாள் தொலைந்திருந்தாலும், அவருக்குப் பரிசோதனை செய்த இடத்தில் மெழுகில் பதித்த சதைத் துண்டைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருப்பது வழக்கம். பதிவு எண் இருந்தால் தேடிப் பார்க்கச் சொல்லலாம்.

மறுமொழி: காட்பாடி ஆசிரியை

அத்தை மகனிடம் தொலைபேசியில் பேசினேன். ஆரணி வீட்டுப் பரணில் ஒரு மஞ்சள் பையில் அத்தையின் தாள்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றனவாம். ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்து வந்து, அந்தச் சொல் என்ன என்று இங்கே எழுதுகிறேன்.